ராசாத்தி இயல்

பாயிரம் இல்லாததை நூல் என்று நம் முன்னோர் ஒப்புவதில்லை. ஆகவே முதலில் பாயிரம். நூற்பெயர்: ராசாத்தி இயல். நுதலிய பொருள்: அரச குலத்துப் பெண்பிள்ளைகளுக்குப் பட்டம் எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்பது. எல்லை: மேற்கே பிளவக்கல் அணை, வடக்கே சதுரகிரி, கிழக்கே வத்திராயிருப்பு, தெற்கே ராஜபாளையம், மேற்கோள் தேவைப்பட்டால் மட்டும் லண்டன்வரை போய்வரலாம். கேட்போர்: கூமாப்பட்டியில் பஸ்ஸுக்குக் காத்திருப்போர். பயன்: அதைக் கேட்டவர் இதுவரை எவரும் இல்லை.

இந்நூல் யாத்ததற்குக் காரணம் என்னையோ எனின், கூறுதும். 2025-ல் ஓர் இளைஞர் தண்ணீரும் பச்சையுமாய்க் காட்டி, கூமாப்பட்டி ஒரு தனித் தீவு என்று காணொளியில் அறிவித்தார். நாடு முழுக்க அதை நம்பியது. தீவு என்றால் அரசு வேண்டும். அரசு என்றால் அரச குலம் வேண்டும். அரச குலம் வந்துவிட்டால் முதல் சண்டை எல்லைக்காகவோ படைக்காகவோ வராது. யார் வீட்டுப் பெண்ணை இளவரசி என்று அழைப்பது, யார் வீட்டுப் பெண்ணை அழைக்கக்கூடாது என்பதில்தான் வரும். அந்தச் சண்டைக்கு முன்னேற்பாடு இது.

இந்த வட்டாரத்தில் ஆண்பால் அரசுரிமைக்குக் குறைவில்லை. ராஜபாளையத்தில் வாக்காளர் பட்டியலைப் புரட்டினால் ராஜாக்கள் வரிசையாக வருவார்கள். அரசியல் சட்டத்தின் 18-ஆம் பிரிவு பட்டங்களை ஒழித்து 1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்தபோது சென்னை மாகாணத்தின் முதலமைச்சர் அந்த ஊர்க்காரரான குமாரசுவாமி ராஜா. ஒழிக்கவேண்டியது பட்டத்தையா பெயரையா என்று அன்று யாரும் அவரைக் கேட்டதாகத் தெரியவில்லை. வத்திராயிருப்புக்குப் பக்கத்தில் மகாராஜபுரம் இருக்கிறது, சுந்தரபாண்டியம் இருக்கிறது, கான்சாகிபின் பெயரால் கான்சாபுரம்கூட இருக்கிறது. மகாராணிபுரம் என்று எழுதிய பஸ் ஒன்றும் இந்தச் சாலையில் ஓடவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்த் தலபுராணம் மட்டும் மல்லி என்ற ஓர் அரசியைச் சொல்கிறது. அவளுக்கு வில்லி, கண்டன் என்று இரண்டு மகன்கள். வேட்டைக்குப் போன இடத்தில் கண்டனைப் புலி அடித்துவிட, வில்லி காடு திருத்தி ஊர் கட்டினான். நாடு அம்மாவுடையது. ஊர்ப்பெயர் மகனுடையது. மல்லி என்ற சிற்றூர் சிவகாசி போகிற சாலையில் இருக்கிறது, பஸ் நிற்கும்.

இனி நூற்பா.

பிறந்து பெற்றதும் புகுந்து பெற்றதும்
கொடுக்கப் பெற்றதும் பிடுங்கிப் பெற்றதும்
கூப்பிட வந்ததும் எனவைந் தென்ப.

இதன் பொருள்: இளவரசிப் பட்டம் ஐந்து வகைப்படும் என்றவாறு. 'என்ப' என்றது யார் எனின், யாருமில்லை. நூற்பா அப்படித்தான் முடியவேண்டும்.

பிறந்து பெறுவதில் அப்பன் வழியே வழி. இதை மிகத் தெளிவாக எழுதிவைத்தவர் இங்கிலாந்தின் ஐந்தாம் ஜார்ஜ். 1917 நவம்பரில் அவர் ஒரு சாசனம் வெளியிட்டார். மன்னரின் பிள்ளைகளும், மன்னருடைய மகன்களின் பிள்ளைகளும் இளவரசர், இளவரசியர் ஆவர். மகள்களின் பிள்ளைகளைப் பற்றி அதில் பேச்சே இல்லை. எனவே இரண்டாம் எலிசபெத்தின் மகள் ஆன் இளவரசி. ஆனின் மகள் ஜாரா பட்டமில்லாத வெறும் ஜாரா. மகன் வழிப் பேரன் ஹாரியின் மகள் லிலிபெட், 2021-ல் பிறந்தபோது ராணிக்குக் கொள்ளுப்பேத்தி என்பதால் பட்டமற்றவளாய் இருந்து, அடுத்த ஆண்டு தாத்தா சார்ல்ஸ் அரியணை ஏறிய கணத்தில் கலிஃபோர்னியாவில் இருந்தபடியே இளவரசி ஆனாள். மகன் வயிற்றுப் பேத்தி ஒரு நிறை, மகள் வயிற்றுப் பேத்தி ஒரு நிறை என்னும் இந்த இலக்கணத்தைக் கூமாப்பட்டியில் ஓர் அம்மாச்சியின் முன்னால் வைத்து யாரும் ஓதவேண்டாம் என்று எச்சரிப்பது உரையாசிரியன் கடமை.

பிறந்து பெற்றது பறிபோகாது என்பார்க்கு டென்மார்க் மறுப்பு. ராணி மார்கரெத்த தம் இளைய மகன் பிள்ளைகள் நால்வருக்கும் இருந்த பட்டத்தை 2023 ஜனவரி 1 முதல் எடுத்துவிட்டார். அதில் பதினொரு வயது நிறையாத பேத்தி ஒருத்தியும் உண்டு. ஜப்பானில் பிறந்த பட்டம் கல்யாணம்வரைதான். இளவரசி மாகோ 2021 அக்டோபரில் சாதாரணக் குடிமகன் ஒருவரை மணந்தார்; அன்றே பட்டம் போயிற்று. குலத்தை விட்டுப் போகும் பெண்ணுக்கு அரசு கொடுக்கும் பணத்தையும் அவர் வேண்டாம் என்றார். சீர்வரிசை வேண்டாம் என்ற மணப்பெண்ணை நம் பக்கத்தில் கதையில்தான் பார்க்கலாம்.

அப்பன் வழி என்ற விதிக்கு உலகத்திலேயே பெரிய விதிவிலக்கு எங்கே இருந்தது எனின், லண்டன் போகவேண்டாம். கூமாப்பட்டியிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் தெரிகிற மலையின் முதுகுப்பக்கம் இருந்தது. திருவிதாங்கூர் சமஸ்தானம் மருமக்கள் தாயத்தில் நடந்தது. அங்கே அரசனுக்குப் பின் அரசன் மகன் வருவதில்லை; அரசனின் சகோதரி மகன் வருவான். ஆகவே அரசனின் சகோதரியும் அவள் மகளும்தான் ராணிகள். அரசன் கட்டிய மனைவி ராணி ஆகமாட்டாள். அவளுக்கு அம்மச்சி என்று பெயர். அரசனுக்குப் பிறந்த மகன் தம்பி, மகள் தங்கச்சி. இளவரசன், இளவரசி அல்லர். ராணியின் கணவருக்குக் கோயில் தம்புரான் என்று கௌரவமான ஒரு பெயர் உண்டு, அரசு கிடையாது. நம் இலக்கணத்தை அப்படியே குப்புறக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

இதன் விளைவு என்னவெனில், அங்கே ஆண்பிள்ளை இல்லாவிட்டால் கவலை கொஞ்சம். பெண்பிள்ளை இல்லாவிட்டால் வம்சமே முடிந்தது. 1900-ல் அந்தக் கவலை வந்தபோது மாவேலிக்கரையிலிருந்து இரண்டு சிறுமிகளைத் தத்தெடுத்தார்கள். இருவரும் ஓவியர் ரவிவர்மாவின் பேத்திகள். மூத்தவர் சேது லட்சுமி பாய், இளையவர் சேது பார்வதி பாய். 1924-ல் மன்னர் மூலம் திருநாள் இறந்தபோது அரியணைக்கு உரிய சித்திரைத் திருநாளுக்குப் பதினொரு வயது. பையனின் தாய் இளையவர். ஆனால் மூத்த ராணி என்ற இடத்தில் இருந்தவர் பெரியம்மா முறையான சேது லட்சுமி பாய். 1931 வரை நாட்டை ஆண்டவர் அவரே. பெற்றவள் ஒருத்தி, பட்டத்தில் மூத்தவள் ஒருத்தி என்றால் அந்த அரண்மனையில் சாப்பாட்டு நேரம் எப்படி இருந்திருக்கும் என்பதை ஓரகத்திகள் இருக்கும் வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. செங்கோட்டை அந்நாளில் அந்த ராஜ்யத்தைச் சேர்ந்தது என்பதால், ராஜபாளையத்திலிருந்து ரயிலில் தெற்கே போகிறவர்கள் சில மணி நேரத்தில் ஒரு பெண்வழி அரசுக்குள் போய் டீ குடித்துத் திரும்பியிருக்கிறார்கள்.

திருவிதாங்கூர் பெண்ணைப் பெரிதாக மதித்தது என்று இதனால் கொள்ளற்க. சொத்து பெண்வழி போனது. பட்டம் பின்னாலேயே போனது. லண்டனில் சொத்து ஆண்வழி போனது. பட்டமும் அவ்வழியே போனது. பட்டத்தைத் தேடிக்கொண்டு போனால் கடைசியில் பட்டாவில் போய் முட்டும் என்பதே இந்நூலாசிரியன் கொள்கை. மற்றதெல்லாம் இதற்கு உரை.

மகள் வயிற்றுப் பேரனுக்கு ஒன்றுமில்லை என்றது சோழர்க்கும் பொருந்துமோ எனின், பொருந்தாது. இராசேந்திரன் மகள் அம்மங்கை வேங்கி நாட்டுக்கு வாக்கப்பட்டுப் போனாள். சோழ அரியணை 1070-ல் காலியானபோது அவள் மகன் வந்து உட்கார்ந்தான். அவனே முதற் குலோத்துங்கன். ஐந்தாம் ஜார்ஜின் சாசனப்படி அவனுக்கு ஒரு பட்டமும் கிடைத்திருக்காது.

இனிப் புகுந்து பெற்றது. இதில் பெண்ணின் பெயரே சில இடங்களில் கரைந்துவிடும். கென்ட் கோமகன் வீட்டு மைக்கேலை மணந்த அம்மையாருக்கு முறையான பட்டம் 'இளவரசி மைக்கேல்'. அவர் சொந்தப் பெயர் மேரி கிறிஸ்டீன் என்பதை அழைப்பிதழில் தேடினாலும் கிடைக்காது. டயானா விஷயத்தில் 1996 மணவிலக்குக்குப் பின் 'ஹெர் ராயல் ஹைனஸ்' போய், பெயருக்குப் பின்னால் ஒரு காற்புள்ளி போட்டு வேல்ஸ் இளவரசி என்பது மட்டும் எஞ்சியது. அந்தக் காற்புள்ளிக்குள் ஒரு முழு வழக்கும் தீர்ப்பும் இருக்கிறது.

சோழ அரண்மனை இதில் வேறு மாதிரி. அங்கே தேவியர்க்குச் சூட்டிய பெயர்களைப் படித்தால் நாட்டு வரைபடம் படித்த மாதிரி இருக்கும். பஞ்சவன் மாதேவி என்றால் பாண்டியன் பெயரைத் தாங்கியவள். வானவன் மாதேவி என்றால் சேரன் பெயரைத் தாங்கியவள். பின்னால் வந்தவர்கள் புவனமுழுதுடையாள், அவனிமுழுதுடையாள் என்று மொத்தமாகவே எழுதிக்கொண்டார்கள். உலகம் முழுவதையும் உடையவள் என்று கல்லில் இருக்கும். அவள் பெற்றோர் வைத்த பெயர் பல இடங்களில் இருக்காது. ஆயினும் தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு செய்தி கவனிக்கத் தக்கது. கோயிலுக்கு யார் யார் கொடுத்ததைக் கல்லில் வெட்டவேண்டும் என்று இராசராசன் வரிசை சொல்கிறான். முதலில் தான் கொடுத்தது. அடுத்து அக்கன் குந்தவை கொடுத்தது. அதற்குப் பிறகே தன் பெண்டுகள் கொடுத்தது. வாக்கப்பட்டு வந்தவர்களுக்கு முன்னால், வாக்கப்பட்டுப் போன அக்காள். குந்தவை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி என்பதையும் அதே கல்வெட்டுகள் மறைக்கவில்லை. பிறந்த வீட்டில் நாத்தனாருக்கு முதல் மரியாதை என்ற சட்டம் சுமார் ஆயிரம் ஆண்டாகக் கல்லில் இருக்கிறது என்க. தஞ்சாவூர் போய்வந்த நாத்தனார் யாரும் இதைக் கவனிக்காமல் வந்தது குடும்பங்களின் நல்ல நேரம்.

இவ்வகையில் முழுக்கக் கெட்டுப்போன வழக்கு புதுக்கோட்டையுடையது. ராஜா மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் 1915-ல் ஆஸ்திரேலியாவில் மோலி ஃபிங்க் என்ற பெண்ணை மணந்து ஊருக்கு அழைத்து வந்தார். கணவன் ராஜா; கல்யாணம் சட்டப்படி நடந்தது; மனைவி ராணிதானே? ஆங்கில அரசு இல்லை என்றது. 'ஹெர் ஹைனஸ்' தரமாட்டோம், ராணியாக ஏற்கமாட்டோம். 1916-ல் மகன் பிறந்தான். அவனுக்கு வாரிசுரிமை இல்லை என்றும் சொல்லிவிட்டது. ராஜா மனைவியை விடவில்லை. ராஜ்யத்தைத்தான் விட்டு வெளிநாட்டிலேயே வாழ்ந்து 1928-ல் பாரிஸில் இறந்தார். அரியணை வேறொரு கிளையிலிருந்து வந்த ராஜகோபால தொண்டைமானுக்குப் போயிற்று. மன்னர் வீட்டு மருமகளை ஏற்பதும் மறுப்பதும் மாமியார் உரிமை என்று உலகம் நினைத்துக்கொண்டிருந்தது. புதுக்கோட்டையில் அந்த உரிமை ஆங்கில அரசுக்கு இருந்தது. சமஸ்தானங்களுக்கு 'ஹைனஸ்' பட்டத்தைப் பிரித்துக் கொடுத்தது எந்தக் கணக்கு எனின், வெடிமருந்துக் கணக்கு. பதினொன்றோ அதற்கு மேலோ பீரங்கிக் குண்டு மரியாதை உள்ள சமஸ்தானத்து அரசனுக்குத்தான் 'ஹிஸ் ஹைனஸ்'. திருவிதாங்கூருக்குப் பத்தொன்பது குண்டு. மோலிக்குச் சத்தமே இல்லை.

கொடுக்கப் பெற்றதற்குத் தஞ்சாவூர் போதும். மராட்டிய மன்னர் இரண்டாம் சிவாஜி 1855-ல் ஆண்வாரிசு இல்லாமல் இறந்தார், மகள்கள் இருந்தார்கள். மகளை வாரிசாக ஏற்பது வழக்கமில்லை என்று கம்பெனி ராஜ்யத்தை எடுத்துக்கொண்டது. அரண்மனைச் சொத்தையும் சேர்த்து எடுத்தபோது விதவை ராணி காமாட்சி பாய் சாகேப் வழக்குத் தொடுத்தார். இது அரசு செய்த காரியம், நீதிமன்றம் கேட்க முடியாது என்று பிரிவி கவுன்சில் 1859-ல் தீர்த்தது. பிற்பாடு ஆங்கில அரசு மனம் இரங்கி, மகளுக்குத் 'தஞ்சாவூர் இளவரசி' என்ற பட்டத்தை வழங்கியது. தஞ்சாவூர் இல்லை, இளவரசி உண்டு. கொடுக்கப் பெற்றது என்ற வகையில் இவ்வளவு சுத்தமான எடுத்துக்காட்டு வேறு கிடைப்பது அரிது.

பிடுங்கிப் பெற்றதில் நம் தென்பாண்டி நாச்சியார்களுக்குத்தான் முதலிடம். வேலு நாச்சியார் ராமநாதபுரம் சேதுபதியின் மகளாய்ப் பிறந்து, சிவகங்கைக்கு வாக்கப்பட்டு, 1772-ல் காளையார்கோயில் சண்டையில் கணவரையும் நாட்டையும் இழந்து, 1780-ல் நாட்டைத் திரும்பப் பிடித்தார். பிறந்தது, புகுந்தது, பிடுங்கியது என்று மூன்று வகையும் ஒரே ஆளிடம் கூடியது. ஆனால் இந்நூலாசிரியனுக்கு அதிகம் பிடித்தவர் கட்டம நாச்சியார். வாளுக்குப் பதிலாக வக்கீல் வைத்துக்கொண்டவர். சிவகங்கை ஜமீன்தார் கௌரி வல்லபர் 1829-ல் இறந்தார். ஆண்பிள்ளை இல்லை. அண்ணன் வழியினர் ஜமீனில் உட்கார்ந்துகொண்டார்கள். விதவை ராணி ஒருவர் தொடங்கிய வழக்கை, அவர் இறந்தபின் மகள் கட்டம நாச்சியார் கையில் எடுத்தார். முப்பது ஆண்டுக்கு மேல் மதுரை, சென்னை, லண்டன் என்று இழுத்த அந்த வழக்கில், ஜமீன் கௌரி வல்லபர் தாமே சம்பாதித்தது, குடும்பம் கூட்டுக்குடும்பமாக இருந்தாலும் சுயசம்பாத்தியம் விதவைக்கும் மகளுக்கும்தான் போகும் என்று பிரிவி கவுன்சில் 1863-ல் தீர்த்தது. இந்துச் சட்டம் படிக்கிறவர்கள் இன்றும் அந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள். கட்டம நாச்சியார் ராணி ஆனார். பட்டம் பட்டாவின் பின்னால் வரும் என்று முன்னர்ச் சொன்னது இங்கு நினைக்கப்படும்.

ஐந்தாவது, கூப்பிட வந்தது. இதில்தான் கூமாப்பட்டி தன் பங்கைச் செலுத்துகிறது.

ராசாத்தி என்ற பட்டத்துக்குச் சாசனம் வேண்டாம், குண்டு மரியாதை வேண்டாம், அப்பன் வழியா அம்மா வழியா என்று பார்ப்பதில்லை. பேத்திக்கு உண்டு, மருமகளுக்கு எப்போதாவது உண்டு, பால் கறக்கும் பசுவுக்கும் உண்டு. இதன் முதல் விதி, இப்பட்டம் பெரும்பாலும் ஒரு வேலையை முன்னிட்டே வரும் என்பது. "ராசாத்தி, அந்தச் சொம்புல கொஞ்சம் தண்ணி மோந்துட்டு வாத்தா" என்னும்போது பட்டமளிப்பும் பணியமர்த்தலும் ஒரே வாக்கியத்தில் முடிகின்றன. இரண்டாம் விதி, பட்டம் உயர உயர மதிப்பு தாழும். ராசாத்தி கொஞ்சல். மகாராணி ஏச்சு. "மகாராணிக்கு இப்பத்தான் விடிஞ்சுதாக்கும்?" என்று காலை எட்டு மணிக்கு ஒரு வீட்டிலிருந்து கேட்டால், அங்கே முடிசூட்டு விழா நடக்கவில்லை என்று அறிக. இளவரசி இவ்விரண்டுக்கும் நடுவில், சொல்கிற தொனியைப் பொறுத்து இரு பக்கமும் சாயும். மூன்றாம் விதி ஃபிளெக்ஸ் பற்றியது. பூப்புனித நீராட்டு விழாவுக்கு வைக்கும் பேனரில் சிறுமியின் தலையில் கணினிக் கிரீடம் ஒன்று கட்டாயம் ஏறும். அது ஃபோட்டோ ஸ்டுடியோ தரும் பட்டம். பேனரின் ஓரத்தில் இருக்கும் தாய்மாமன் படத்தின் அளவே அவள் கிரீடத்தின் உண்மையான விலை. கிரீடம் அழைப்பு நாளோடு இறங்கும். பேனர் பிறகு மாட்டுக் கொட்டகைக்கு மறைப்பாகிப் பல மழைக்காலம் அரசாளும்.

புறனடை: ஆண்டாளை எவ்வகையில் அடக்குவது? துளசித் தோட்டத்தில் கிடைத்த குழந்தை. பிறந்து பெற்றது ஒன்றுமில்லை. வளர்த்த பெரியாழ்வார் பூக்கட்டிக் கொடுத்தவர், ஜமீன் வைத்திருந்தவர் அல்லர். நாச்சியார் என்பது புகுந்து பெற்றதா எனின், கல்யாணம் பெண் தானே முடிவுசெய்தது. மாப்பிள்ளை வீட்டில் பெண் கேட்டு வரவில்லை. கணவர் பெயர் ஸ்ரீவில்லிபுத்தூரில் ரங்கமன்னார், ஆகவே அரசி என்பாரும் உளர். ஆயின் அவள் சூடிய மாலை திருப்பதி பிரம்மோற்சவத்துக்கும் மதுரை அழகருக்கும் போகிறது. அங்கிருந்து பெருமாள்கள் அதை வாங்கிச் சூடிக்கொள்கிறார்கள். உலகத்தில் எந்த இளவரசிக்கும் இல்லாத இந்த வரிசைமுறையை ஐந்தாம் ஜார்ஜின் எழுத்தர்களிடம் கொடுத்தால் அவர்கள் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போயிருப்பார்கள். ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வரும்வரை நாமும் இந்தக் கேள்வியை ஒத்திவைப்போம்.

இந்தியாவில் மன்னர் பட்டங்களும் மானியமும் அரசியல் சட்டத்தின் 26-ஆம் திருத்தத்தால் 1971 டிசம்பரில் ஒழிந்தன. அத்தோடு இந்நூலும் முடிந்திருக்கவேண்டும். முடியவில்லை. 2023 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் 'குடும்பத் தலைவி' என்ற பட்டத்துக்கு மாதம் 1,000 ரூபாய் மானியம் வரத் தொடங்கியது. மன்னர் மானியத்துக்கு இருந்த நிபந்தனைகளைவிட இதற்குத் தொடக்கத்தில் வைத்த நிபந்தனை நுட்பம். வயது இருபத்தொன்று நிறைந்திருக்கவேண்டும். வீட்டு வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்தைத் தாண்டக்கூடாது. நஞ்சை ஐந்து ஏக்கர், புஞ்சை பத்து ஏக்கருக்குள் இருக்கவேண்டும். கரண்டு ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் எரிந்திருக்கவேண்டும். சொந்தமாகக் கார் இருந்தால் பட்டம் இல்லை. உலகத்தில் மற்ற அரசகுலங்கள் எல்லாம் இருப்பவளுக்குப் பட்டம் கொடுத்தன. இது இல்லாதவளுக்குக் கொடுக்கிறது. இந்த ஒரு திருப்பத்துக்காகவே இதை ஆறாவது வகை என்று நூற்பாவைத் திருத்தி எழுதலாம். யாப்பு இடம் தரவில்லை.

ஆனால் பழைய இலக்கணம் முற்றும் விட்டுப்போகவில்லை. ரேஷன் கார்டில் தலைவர் என்று ஆண்பிள்ளை பெயர் இருந்தால் அவர் மனைவியே தலைவி என்று கொள்ளப்படுவார். இது இளவரசி மைக்கேல் விதி. ஒரு கார்டுக்கு ஒரு தலைவிதான்; இது மூத்த ராணி, இளைய ராணி விதி. மாமனார் பெயரில் கார்டு இருக்கிற வீட்டில் மாமியார் தலைவி, மருமகள் தலைவி அல்லள். மருமகள் இதைச் சண்டையாகப் போடுவதில்லை. "அத்தை, கார்டைப் பிரிச்சுப் போட்டா ஆளுக்கொண்ணாப் போகுமில்ல" என்று பொதுநன்மை மாதிரி எடுத்துச் சொல்கிறாள். "ஒலை ஒண்ணு, கார்டு ரெண்டாக்கும்?" என்று அத்தை கேட்கிறாள். கார்டைப் பிரித்தால் அடுப்பும் பிரிந்ததாகத்தான் பொருள் என்பது இருவருக்கும் தெரியும். கட்டம நாச்சியாரின் வழக்கைப் போல இது லண்டன்வரை போகவில்லை. வத்திராயிருப்பு தாலுகா ஆபீஸில், ஆதார் நகலோடு, வரிசையில் நிற்கிறது.